ஸ்டாக்மன் வீட்டுக் கற்கள்

என் கட்டுரைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட ஒரு நண்பர் முன்வந்திருக்கிறார். (அவரிடம் பணம் மிஞ்சிக் கிடக்கிறது என்று அர்த்தமில்லை.) அவர் அனுப்பிய புரூஃப் கட்டில் 2013 டிசம்பரில் நான் எழுதிய ஆறு பக்கக் குறிப்பு ஒன்றும் இருந்தது. அப்படி ஒன்றை எழுதியதையே மறந்து போயிருந்தேன். அந்த நவம்பரில், மேற்குத் தொடர்ச்சி மலை பற்றிய மாதவ் காட்கில் குழுவின் அறிக்கையையும், அதை நீர்க்க வைத்த கஸ்தூரிரங்கன் குழுவின் அறிக்கையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி எதிர்த்து, இடுக்கியில் ஹர்த்தால் நடந்தது. கம்பத்திலிருந்து குமுளிவரை போய், மேலே போகப் பஸ் இல்லாமல், ஒரு டீக்கடை வாசலில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்த எரிச்சலில் எழுதியது. இப்போது அதில் மந்தை என்ற சொல்லை எண்ணிப் பார்த்தேன். ஏழு முறை வருகிறது.

குறிப்பின் சாரம் இதுதான்: இப்ஸன் 1882-இல் எழுதிவிட்ட நாடகத்தை இடுக்கி ஜனங்கள் மறுபடி நடித்துக் கொண்டிருக்கிறார்கள். காட்கில்தான் டாக்டர் ஸ்டாக்மன். ஊர் முழுக்கச் சேர்ந்து அவர் வீட்டு ஜன்னல்மேல் கல் எறிகிறது. விஞ்ஞானி எச்சரிக்கிறான், கும்பல் நம்ப மறுக்கிறது, ஒருநாள் மலை சரியும்.

மலை சரிந்தது. 2019 ஆகஸ்டில் புத்துமலையிலும் கவளப்பாறையிலும், 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியிலும், 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை–சூரல்மலையிலும் சரிந்தது. தீர்க்கதரிசி பட்டம் கட்டிக்கொள்ள எனக்கு எல்லா வசதியும் இருக்கிறது. ஆனால் குறிப்பைத் திரும்பப் படிக்கிறபோது கூச்சமாகத்தான் இருக்கிறது. இடுக்கி ஜனங்களைத் தப்பாகப் படித்ததைவிட, இப்ஸனை நான் எவ்வளவு தப்பாகப் படித்திருக்கிறேன் என்பதுதான் முதலில் உறுத்துகிறது.

‘மக்கள் விரோதி’ நாடகத்தின் கதை எல்லோருக்கும் தெரியும். குளியல் மருத்துவத்துக்குப் பேர் போன ஒரு சிறு நார்வீஜிய ஊர். அதன் வைத்திய அதிகாரி ஸ்டாக்மன். மேலே இருக்கும் தோல் பதனிடும் பட்டறைகளின் கழிவு குளியல் நீரில் கலக்கிறது என்று சந்தேகித்து, தண்ணீரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிச் சோதித்து, முடிவைக் கையில் வைத்திருக்கிறார். அண்ணன் பீட்டர் நகரத் தலைவர். பத்திரிகைக்காரர்களும், வீட்டுச் சொந்தக்காரர்கள் சங்கத்தின் அஸ்லக்ஸனும் முதலில் டாக்டர் பக்கம். சீர்செய்ய ஆகும் செலவு வரியாக ஊர்மேல் விழும், இரண்டு வருஷம் குளியல் நிலையத்தை மூட வேண்டும் என்று பீட்டர் கணக்குச் சொன்னதும் எல்லோரும் கட்சி மாறுகிறார்கள். நாலாவது அங்கத்தில் பொதுக்கூட்டம். அவரை மக்கள் விரோதி என்று தீர்மானம் போடுகிறார்கள். எதிர்த்து விழும் ஒரே ஓட்டு ஒரு குடிகாரனுடையது. (மைனாரிட்டிக் கலையைப் பற்றி நாம் பேசுகிறபோதெல்லாம் இந்தக் குடிகாரனை நினைத்துக் கொள்வது நல்லது.)

நான் கவனிக்கத் தவறியது ஒரு சின்ன விஷயம். அந்தக் கூட்டத்தில் இருக்கிற சாதாரண ஜனம் ஒருவர்கூட டாக்டரின் அறிக்கையைப் படித்ததில்லை. கட்டுரை பத்திரிகை ஆபீஸுக்குப் போகிறது, அச்சேறாமல் திரும்புகிறது. கூட்டத்தில் அதைப் படிக்கவோ அதைப் பற்றிப் பேசவோ கூடாது என்று பீட்டர் தீர்மானம் கொண்டுவந்து தடுக்கிறார். தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதே அந்தச் சபையில் சொல்லப்படுவதில்லை. அதற்குப் பதிலாக ஸ்டாக்மன் என்ன பேசுகிறார்? பெரும்பான்மையே பொய்யின் இருப்பிடம் என்கிறார். தெருநாயையும் உயர்ஜாதி நாயையும் ஒப்பிட்டு மனிதர்களைத் தரம் பிரிக்கிறார். அவர் காப்பாற்ற வந்த ஜனங்களைப் பார்த்து நீங்கள் பிறவியிலேயே மட்டம் என்று சொல்கிற இடத்துக்கு அரைமணி நேரத்தில் வந்து சேர்கிறார். அதற்கப்புறம்தான் கல் விழுகிறது. ஆர்தர் மில்லர் 1950-இல் இந்த நாடகத்தைத் தழுவி எழுதியபோது நாய் விவகாரத்தை வெட்டி எறிந்தார். ஹிட்லரைப் பார்த்த தலைமுறைக்கு அந்தப் பேச்சு தாங்காது என்பது நியாயம்தான். ஆனால் வெட்டியதோடு ஸ்டாக்மனும் சுத்தமாகிவிட்டார், ஒரு விளம்பரப் பலகை ஹீரோ கிடைத்துவிட்டார். இப்ஸன் அப்படிச் செய்யவில்லை. இதை நகைச்சுவை நாடகம் என்பதா, வெறும் நாடகம் என்பதா என்று தன் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில் அவரே தயங்குகிறார். ஸ்டாக்மனைப் பார்த்து அவர் சிரித்துக் கொண்டுதான் இருந்தார். ஊர் தனக்கு நன்றி சொல்லப் போகிறது என்று முதல் இரண்டு அங்கங்களில் டாக்டர் குழந்தை போலக் குதூகலிப்பதும், ஐந்தாம் அங்கத்தில் வீட்டுக்குள் விழுந்த கற்களைப் பொறுக்கி, பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுப் போகப் போவதாகச் சொல்வதும், அதிலும் இரண்டு கல்தான் தேறும், மீதியெல்லாம் சரளை என்று குறைப்பட்டுக் கொள்வதும் சிரிப்புக்குரியவைதான். நான் சிரிக்கவில்லை. கற்களை மட்டும் எடுத்து வைத்துக் கொண்டேன்.

ஏன் என்று இப்போது புரிகிறது. முந்நூறு பிரதி அச்சடித்து இருநூறை அட்டைப்பெட்டியில் வைத்திருக்கும் நமக்கு ஸ்டாக்மனைவிட நல்ல கண்ணாடி கிடைக்குமா? லட்சக்கணக்கில் விற்கும் வாரப் பத்திரிகையின் வாசகன்மேல் நமக்கு இருந்த அதே பார்வைதான் அறிக்கையை நம்பாத விவசாயிமேலும் எனக்கு இருந்தது. அவன் படிக்கவில்லை, ஆகவே அவனுக்குப் புத்தியில்லை. அவனுக்குப் படிக்க என்ன கொடுக்கப்பட்டது, எந்த மொழியில், யார் கையால் என்ற கேள்விகளை நாம் கேட்டதில்லை.

சத்யஜித் ரேயின் ‘கணசத்ரு’வையும் (1989) என் குறிப்பு வானளாவப் புகழ்ந்திருக்கிறது. இப்போது எனக்கு அது ரேயின் பலவீனமான படங்களில் ஒன்றாகத்தான் படுகிறது. மாரடைப்புக்குப் பிறகு உடல் ஒத்துழைக்காமல் நாலு சுவருக்குள் எடுக்க நேர்ந்ததைக் குறையாகச் சொல்லவில்லை. இப்ஸனின் குளியல் நீரை ரே கோயில் தீர்த்தமாக மாற்றினார். சண்டிப்பூர் என்ற கற்பனை ஊர், மஞ்சள்காமாலை, தீர்த்தத்தில் கிருமி இருக்காது என்று நம்பும் பக்தர்கள். பொதுக்கூட்டத்தில் டாக்டர் அசோக் குப்தாவிடம் கேட்கப்படும் கேள்வி தண்ணீரைப் பற்றியதல்ல, நீங்கள் ஹிந்துதானா என்பது. அந்தக் காட்சி கூர்மையானது, இன்று இன்னும் கூர்மையாகியிருக்கிறது. ஆனால் இந்த மாற்றத்தில் ஒன்று நழுவிப் போகிறது. நம்ப மறுப்பது மூடநம்பிக்கை என்றாகிவிட்டால் வேலை சுலபம். ஒரு பக்கம் விஞ்ஞானம், மறுபக்கம் அறியாமை. பார்வையாளன் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. இப்ஸனில் அவநம்பிக்கை ஒரு கணக்கிலிருந்து பிறக்கிறது. எவ்வளவு வரி, எத்தனை வருஷம், யார் தலையில்? அது கேவலமான கணக்கு அல்ல, பிழைப்பின் கணக்கு. கடைசியில் ரே இளைஞர்களின் கோஷத்தை வாசலுக்கு வெளியே ஒலிக்கச் செய்து டாக்டரைத் தனிமையிலிருந்து மீட்கிறார். ஜனங்களை வெறுக்க ரேயால் முடியாது என்பது அவருடைய பெருந்தன்மை. ஆனால் அந்தக் கோஷம் படத்தின் உள்ளிருந்து வரவில்லை.

கணக்கு என்றேன். இடுக்கிக்காரனின் கணக்கு எங்கிருந்து ஆரம்பிக்கிறது? இரண்டாம் உலக யுத்தத்தின் அரிசிப் பஞ்சத்தில் திருவிதாங்கூர் அரசாங்கம் காட்டைக் குத்தகைக்குக் கொடுத்து, போய்ப் பயிர் செய் என்று அவன் பாட்டனைச் சமவெளியிலிருந்து மலையேற்றியது. 1950-களில் அரசாங்கமே குடியேற்றத் திட்டம் போட்டது. (தேவிகுளம், பீர்மேட்டில் தமிழர் தொகையைச் சமன் செய்யும் எண்ணம் அதில் இருந்தது என்பது நம் பக்கத்தில் மறக்கப்படாத சங்கதி.) பிறகு 1961-இல் அணைத் திட்டத்துக்காக அய்யப்பன்கோவிலில் இருந்தவர்களைப் போலீஸை வைத்து அகற்றி, கொட்டும் மழையில் குமுளிக்கு அருகே அமராவதியில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஏ.கே. கோபாலன் அங்கே உண்ணாவிரதம் இருந்தார். ஏற்றிவிட்டதும் அரசாங்கம், இறக்கிவிட்டதும் அரசாங்கம். இரண்டு முறையும் கையில் ஒரு வரைபடமும், அதற்கு விளக்கம் சொல்ல ஒரு நிபுணரும் இருந்தார்கள். 2011-இல் மூன்றாவதாக ஒரு வரைபடம் வருகிறது. அதை அவன் முதல் இரண்டின் ஞாபகத்தோடு படித்தான். ஒரு பிரதியை அதற்கு முந்திய பிரதிகளின் ஞாபகத்தோடு படிப்பதைத்தானே நாம் வாசிப்பு என்று சொல்கிறோம்?

காட்கிலை ஸ்டாக்மன் ஆக்கியது என்னுடைய இன்னொரு பிழை. அவர் அறிக்கை ஸ்டாக்மனுக்கு நேர் எதிரானது. மலை முழுவதையும் மூன்று மண்டலங்களாகப் பிரித்து, புதுக் குவாரிக்கு எங்கே தடை, பூச்சிமருந்தை ஐந்து, எட்டு, பத்து வருஷங்களில் எப்படிக் கைவிடுவது என்றெல்லாம் சொன்ன பிறகு, இதைக் கிராமசபைகள் முன்னால் வையுங்கள், முடிவு அவர்களோடு பேசி எடுக்கப்படட்டும் என்கிறது. விளைநிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றக் கூடாது என்று சொல்கிற இடத்திலேயே, உள்ளூர் ஜனத்தொகை பெருகுவதால் வேண்டிவரும் குடியிருப்புக்கு விலக்கும் கொடுக்கிறது. பெரும்பான்மையை மட்டம் என்று நினைக்கிறவன் எழுதுகிற வாக்கியங்களல்ல இவை. ஆனால் அந்த வாக்கியங்களுக்கு என்ன நேர்ந்தது? 2011 ஆகஸ்ட் கடைசியில் டில்லியில் கொடுக்கப்பட்ட அறிக்கையை, கேட்டு வாங்கிய அமைச்சகமே பூட்டி வைத்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒருவர் கேட்டு, தகவல் ஆணையம் உத்தரவிட்டு, வழக்கும் நடந்து, 2012 மே மாதம்தான் வெளியே வந்தது. வந்ததும் இங்கிலீஷில். அதற்குள் வீடு கட்ட முடியாது, நிலத்தை விற்க முடியாது, காட்டிலாகா வந்து காலி செய்யச் சொல்லும் என்ற பிரதி மலையெங்கும் வாய்மொழியாகப் பதிப்பாகி, பல பதிப்புகள் கண்டுவிட்டது. கிராமத்துத் திண்ணையில் படிக்கப்பட வேண்டும் என்று விரும்பிய அறிக்கையைப் படிக்க விடாமல் செய்தவர்கள் படிக்காத ஜனங்கள் அல்ல. பீட்டர் ஸ்டாக்மன் கொண்டுவந்த தீர்மானம் நார்வேயிலேயே முடிந்துவிடவில்லை.

ஜனங்களுக்கு முழு மன்னிப்புச் சீட்டு எழுதிக் கொடுப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். குவாரி முதலாளிக்கும் சின்ன விவசாயிக்கும் ஒரே பயம் என்று நம்ப வைத்தவர்கள் இருந்தார்கள், நம்பியவர்களும் இருந்தார்கள். இடுக்கியின் அன்றைய எம்.பி. பி.டி. தாமஸ் காட்கில் அறிக்கையை வெளிப்படையாக ஆதரித்தார். அவர் உயிரோடு இருக்கும்போதே அவருக்குப் பாடை கட்டிச் சவ ஊர்வலம் நடத்தினார்கள். 2014 தேர்தலில் அவருடைய கட்சி அவருக்கு அங்கே இடம் கொடுக்கவில்லை. இப்ஸன் காலத்துக் கற்களைவிட இது நூதனமானது. தாமஸ் கூட்டத்தைத் திட்டி நாடகம் போடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேறு தொகுதியில் நின்று ஜெயித்து, கடைசிவரை தான் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்து, 2021-இல் இறந்தார். என் குறிப்பில் அவர் பெயரே இல்லை. ஸ்டாக்மன் போல இல்லாததால் என் கண்ணில் படவில்லை போலும்.

இனிச் சொல்லப் போவதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். நான் கம்பம் பள்ளத்தாக்குக்காரன். எங்கள் வீடுகளில் சாமி படத்துக்கு அடுத்தபடி பென்னிகுயிக் படம் இருக்கும். 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை உடையும் என்று மலைக்கு மேலே இருக்கிறவர்கள் பயப்படுகிறார்கள். அவர்களுக்கும் நிபுணர்கள் இருக்கிறார்கள், ஆய்வுகள் இருக்கின்றன. எங்களுக்கும் நிபுணர்கள், எங்களுக்கும் ஆய்வுகள். உச்சநீதிமன்றம் நியமித்த குழு 2012-இல் அணை பலமாக இருக்கிறது என்றது. 2014-இல் கோர்ட் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் நான் அப்படி நினைப்பது எனக்குப் பொறியியல் தெரியும் என்பதாலா? 2011 நவம்பரில் ‘டேம் 999’ என்ற படத்தைத் தமிழ்நாட்டில் தடை செய்தபோது, படத்தைப் பார்க்காமலே தடையை வரவேற்றவர்களில் நான் ஒருவன். பின்னால் பார்த்தேன். சாதாரணமான படம், இதற்குப் போய்த் தடையா என்று இருந்தது. பார்க்காமல் நிராகரித்த அந்த மனோபாவத்துக்கும், படிக்காமல் அறிக்கையைக் கொளுத்திய மனோபாவத்துக்கும் இடையில் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை, ஒரு கணவாய்தான்.

சப்பாத்தில் வருஷக்கணக்காகப் பந்தல் போட்டு அணைக்கு எதிராக உண்ணாவிரதம் இருந்த அதே மலை ஜனங்களுக்கு, காட்கிலின் எச்சரிக்கை கட்டுக்கதை. காட்கிலை வேதவாக்காகக் கொண்ட எனக்கு அணை எச்சரிக்கை கட்டுக்கதை. இருவரில் எவருமே விஞ்ஞானத்தை நம்பாதவர்கள் இல்லை. ஒவ்வொருவரும் தன் வயலுக்குத் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, தன் வீட்டுமேல் எது விழும் என்பதை வைத்து நிபுணரைத் தேர்ந்தெடுத்துக் கொண்டோம். இதை 2013-இல் நான் பார்த்திருந்தால் மந்தை என்ற சொல்லை ஒரு முறையாவது என்மேல் பிரயோகித்திருப்பேன்.

ஆனால் இந்த நம்பிக்கை–அவநம்பிக்கை விவகாரம் முழுவதுமே நிலம் உள்ளவர்களுடைய விவகாரம் என்பதை எனக்குக் காட்டியது பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அப்பால் தேயிலைத் தோட்ட லயங்களின்மேல் மலை வந்து விழுந்தது. எழுபது பேர். பெரும்பாலும் தமிழர்கள், கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் மேலே போன குடும்பங்கள். கரண்ட் இல்லை, டெலிபோன் இல்லை; விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. அவர்கள் காட்கிலை நம்பினார்களா, நம்பவில்லையா? அவர்களை யாரும் கேட்கவில்லை. லயம் தோட்டத்துடையது. வேலை போனால் வீடும் போகும். எச்சரிக்கையை நம்பினாலும் அந்த நம்பிக்கையைத் தூக்கிக்கொண்டு போய் இறக்கி வைக்க அவர்களுக்கு ஓர் இடம் கிடையாது. இப்ஸன் நாடகத்திலும் குளியல் நிலையத்துக்கு வந்து காய்ச்சலில் விழுந்த நோயாளி ஒருவர்கூட மேடைக்கு வருவதில்லை. தோல் பட்டறையின் சொந்தக்காரன் வருகிறான், தொழிலாளி வருவதில்லை.

2024 ஜூலையில் வயநாட்டில் நடந்ததற்குப் பிறகு இரண்டு அரசாங்கங்கள் ஒரு பிரதிக்கு அர்த்தம் சொல்வதில் சண்டை போட்டுக் கொண்டன. இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட பிணங்களுக்கு நடுவில் நடந்த இலக்கிய விமர்சனம் அது. ஏழு நாள் முன்பே எச்சரித்தோம் என்று டில்லி ராஜ்யசபாவில் சொன்னது. எங்களுக்கு வந்தது ஆரஞ்சு எச்சரிக்கை, சிவப்பு வந்தது மலை சரிந்த பிறகு என்று திருவனந்தபுரம் சொன்னது. வானிலைத்துறையின் அகராதியில் மஞ்சள் என்றால் கவனித்துக் கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் செயல்படு. தயாராக இரு என்பது ஒரு வினைச்சொல். அதற்கு எழுவாய் எங்கே? யார் தயாராக இருக்க வேண்டும், எதற்கு, எந்த ஓடையின் கரையில்? ஒரு மாவட்டம் முழுமைக்கும் ஒரு நிறம். நம் கவிஞர்கள் சிலரின் படிமங்களைப் போல, எதைச் சொன்னாலும் பொருந்தும், எவனையும் தொடாது.

அதே சமயத்தில் இன்னொரு வாசிப்பும் நடந்து கொண்டிருந்தது. கல்பற்றாவில் ஹியூம் சென்டர் என்ற சிறிய நிறுவனம், வயநாடு முழுவதும் விவசாயிகள், தோட்டக்காரர்கள் வீடுகளில் மழைமானி வைத்து, அவர்களே தினமும் அளந்து சொல்லும் கணக்கைச் சேர்த்து வருகிறது. சரிவுக்கு முந்திய 48 மணி நேரத்தில் மலைமேல் 572 மில்லிமீட்டர் மழை என்று அந்தக் கணக்கு காட்டியது. முந்தின நாளே மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிவித்ததாக அவர்கள் சொல்கிறார்கள். நிர்வாகத்தின் மேஜையில் அது என்ன ஆனது என்பது வேறு கதை. எனக்கு முக்கியமாகப் படுவது, மழைமானியில் நீர்மட்டம் பார்த்து எழுதியவர்களில் காட்கிலுக்கு எதிராக ஹர்த்தாலுக்குக் கடை அடைத்தவர்களும் இருக்கக்கூடும் என்பதுதான். அளந்தவனுக்கு அந்த எண்ணை நம்புவதா என்ற கேள்வி எழாது.

எங்கள் ஊரிலிருந்து இருட்டு விலகும் முன்பே ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகள் மலையேறும். ஒன்றில் பதினைந்து பேருக்குக் குறையாமல் பெண்கள். சென்ற ஜூனில் ஒரு நாள் நல்ல மழை, இடுக்கிக்கு ஆரஞ்சு என்று ரேடியோ சொன்னது. ஏறப் போன ஒரு அம்மாளிடம், “இன்னைக்கிப் போகணுமா அக்கா, மலைக்கு ஆரஞ்சுன்னு சொல்றாங்களே” என்று கேட்டேன். “போகலைன்னா சம்பளம் நீங்க தர்றீங்களாண்ணே?” என்றாள். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஜீப் போய்விட்டது.

நண்பரிடம் அந்த ஆறு பக்கங்களை எடுத்துவிடச் சொல்லித்தான் முதலில் கார்டு எழுதினேன். மறுநாள் இன்னொரு கார்டு போட்டேன்: இருக்கட்டும், ஒரு சொல்லும் திருத்த வேண்டாம், ‘ஸ்டாக்மன்’ என்ற இடங்களில் எழுத்துப்பிழை நாலு இருக்கிறது, அதை மட்டும் பார்த்துக் கொள்ளுங்கள்.